நீலகிரியைக் கெடுக்காமல் கண்டு வருவது எப்படி?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பிரியும் சாலைகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து மலையேறுவதைக் காணலாம். சமவெளியின் சூட்டில் வெந்தவர்கள் குளிர்ந்த காற்றையும் பச்சையையும் தேடிப் போவதில் தவறு ஏதும் இல்லை. நானும் அந்த வரிசையில் பல ஆண்டுகள் நின்றவன்தான். ஆனால் மலை தாங்கக்கூடிய அளவை நாம் எப்போதோ கடந்துவிட்டோம். அதனால்தான் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அது 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகளும் வார இறுதியில் 8,000 வண்டிகளும் மட்டுமே செல்லலாம் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு அது முறையே 4,000, 6,000.

நீதிமன்றத்தால் வண்டிகளை எண்ண முடியும். அந்த வண்டிகளிலிருந்து இறங்குபவர்கள் காட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த நடத்தையைப் பற்றியே இதை எழுதுகிறேன். குப்பை போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போடுகிறவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட அடிப்படையாக நான் கருதுவது வேறொன்று. காட்டு உயிர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியவற்றுள் மிகப் பெரியவை இடமும் நேரமும்தான். நாம் போகாமல் விடும் இடம், நாம் இல்லாமல் இருக்கும் பொழுது ஆகிய இரண்டையும் மனமார விட்டுக்கொடுத்தவருக்கு, மீதமுள்ள இடத்தையும் பொழுதையும் குற்ற உணர்வின்றி அனுபவிக்கும் உரிமை உண்டு என்று நம்புகிறேன். கீழே வரும் யோசனைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறந்தவை.

போகும் நிலத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுவே. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்திருக்கிறது. இதன் அடிவாரத்தில் முள்காடும் இலையுதிர்காடும், சரிவுகளில் மழைக்காடும், உச்சியில் சோலையும் புல்வெளியும் என்று ஒரே நாள் பயணத்தில் நாலைந்து வகையான காடுகளைக் கடந்துவிடலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகக் காயப்படும் என்பதால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது.

உச்சியில் உள்ள புல்வெளியைப் பற்றித்தான் தவறான எண்ணம் மிகுதியாக இருக்கிறது. மரமில்லாத சரிவைப் பார்த்ததும் அது வெற்று நிலம், கூடாரம் அடிக்கவும் ஜீப் ஏற்றவும் ஏற்ற மைதானம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலேயரும் அப்படித்தான் நினைத்து அங்கே சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அந்த நடவு பல ஆண்டுகள் தொடர்ந்தது. உண்மையில் மலை மடிப்புகளில் குட்டையான சோலை மரங்களும், இடையே உள்ள சரிவுகளில் புல்லுமாக அமைந்திருப்பதுதான் அந்த நிலத்தின் இயல்பு. இரண்டும் சேர்ந்து பருவமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகின்றன. பவானியும் மாயாறும் அந்த நீரால் ஓடுகின்றன. பில்லூர் அணை வழியாகக் கோவையின் குழாய்களுக்கு வருவதும் பவானித் தண்ணீரே. புல்வெளியில் ஒருவர் சக்கரத்தடம் பதித்தால், அந்தத் தடத்தில் மழைநீர் வாய்க்காலாக ஓடி மண்ணை அரிக்கும். அந்த வடு ஆறுவதற்குப் பல பருவங்கள் ஆகும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இந்தப் புல்லில்தான். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் காணப்பட்ட வரையாடுகள் 1,031 மட்டுமே.

காலத்தையும் கூட்டத்தையும் தேர்ந்தெடுங்கள்

பயணத்தின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்து நாள் குறிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மலைக்கு நாம் போக விரும்பும் மாதங்கள் பெரும்பாலும் காடு மிகவும் நலிந்திருக்கும் மாதங்கள். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை புல் காய்ந்து, சருகு குவிந்து, நீர்நிலைகள் வற்றியிருக்கும். அந்தக் காலத்தில் விலங்குகள் எஞ்சிய குட்டைகளைச் சுற்றியே நடமாடும். ஒரு தீப்பொறி ஒரு மலைச்சரிவையே விழுங்கிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். இளைஞர்களே மிகுதியாக இருந்த அந்தக் குழுவை நினைக்கும்போதெல்லாம், தீக்காலத்தில் காட்டுப்பாதைகளை மூடும் உத்தரவைத் தொல்லையாகப் பேசுபவர்கள் மீது எனக்கு வருத்தமே உண்டாகிறது. ஆகவே தீக்காலத்தில் நடைப்பயணம் திட்டமிடாதீர்கள். பாதை மூடப்பட்டிருந்தால், யாரையாவது பிடித்து உள்ளே நுழைய வழி தேடாதீர்கள்.

மூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூணாற்றை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டுதோறும் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. பிறந்த குட்டிக்குத் தாயோடு தனித்திருக்கும் சில வாரங்களை நாம் விட்டுக்கொடுக்கிறோம். வேறெந்தப் பலகையும் சொல்லாத பாடத்தை அந்தப் பூட்டிய வாயில் சொல்வதாக நான் நினைக்கிறேன். சட்டம் மூடாத இடங்களிலும் இதே முறையை நாமாகவே பின்பற்றலாம். மழை ஓய்ந்து, கூட்டமில்லாத செப்டம்பர் அல்லது டிசம்பர் மாதத்தின் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தால், சாலையும் ஊரும் மூச்சுவிடும். உங்களுக்கும் மலை தெளிவாகத் தெரியும்.

கூட்டத்தின் அளவும் முக்கியம். நாலைந்து பேர் நடந்தால் ஒருவர் பின் ஒருவராக ஒற்றையடிப் பாதையிலேயே நடப்பார்கள். பதினைந்து பேரானால் பக்கவாட்டில் பரவுவார்கள், பாதை அகலமாகும், பேச்சு சத்தமாகும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளை இணையப் பதிவுடன் திறந்தது. ஒவ்வொரு பாதையிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். அவர்களில் பலர் அந்தந்த மலையில் வாழும் பழங்குடி இளைஞர்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் அழைத்துச் செல்வதாக யாரேனும் சொன்னால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

தங்குமிடத்தைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

இது பலர் கவனிக்காத பகுதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதுமலைக்குக் கிழக்கே சீகூர்ப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் காலங்காலமாகப் போய்வரும் வழித்தடம் அது. அந்த வழியில் விடுதிகள் ஒவ்வொன்றாக முளைத்து, வேலிகள் எழுந்து, யானைகளின் பாதை துண்டு துண்டானது. அந்த நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடிப் பகுதியில் விடுதியொன்றின் அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகி, ஏற்கெனவே இருந்த காயங்களோடு அது இறந்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறந்திருக்க முடியாது. காட்டின் நடுவே படுக்க வேண்டும் என்று விரும்பி நாம் கொடுக்கும் வாடகைதான் இத்தகைய இடங்களை நடத்துகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

எனவே அறை பதிவுசெய்யும் முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேளுங்கள். உரிய அனுமதியுடன் நடத்துகிறீர்களா? வளாகத்தைச் சுற்றி மின்வேலி இருக்கிறதா? கழிவுநீரும் சமையற்கழிவும் எங்கே போகின்றன? இரவில் காட்டுக்குள் வண்டியில் அழைத்துச் செல்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு 'ஆமாம்' என்று பதில் வந்தால், அந்த இடத்தில் தங்காதீர்கள். வனத்துறையின் அனுமதி பெற்ற வண்டிகளில் பகலில் செல்லும் சுற்றுலாவைத் தவிர, தனியார் ஜீப்பில் விளக்கடித்து விலங்கு காட்டும் இரவுப் பயணம் சட்டத்துக்குப் புறம்பானது. முற்றத்துக்கு மான் வரும், காட்டுமாடு வரும் என்று விளம்பரம் செய்யும் இடங்களில், உப்பும் காய்கறிக்கழிவும் போட்டு அவற்றை வரவழைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இயன்றவரை குன்னூர், கோத்தகிரி, கூடலூர் போன்ற ஊர்களுக்குள்ளேயே தங்கி, காட்டுக்குப் பகலில் போய்த் திரும்புங்கள். மாலைக்குப் பின் காட்டை அதன் குடிகளிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவதே முறை.

பையில் எதை எடுத்துச் செல்வது, எதைத் திரும்பக் கொண்டுவருவது

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. நீலகிரியில் அதற்கும் முன்பே தடை வந்துவிட்டது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளும் அங்கே தடைசெய்யப்பட்டவை. சோதனைச்சாவடியில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி எடுத்துச் செல்லுங்கள். மாவட்டத்தின் சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் வைக்கப்பட்டுள்ளன. தின்பண்டங்களை வீட்டிலேயே உறை பிரித்து டப்பாவில் அடைத்துவிட்டால், காட்டில் பறக்க எந்தக் காகிதமும் இருக்காது. இட்லி, புளியோதரை, முறுக்கு, கடலை மிட்டாய் என்று நம் பாட்டிமார் கட்டிக்கொடுத்த வழிப்பயண உணவுகளுக்கு உறையே தேவைப்பட்டதில்லை.

மக்கும் பொருள்தானே என்று ஆரஞ்சுத் தோலையும் வாழைப்பழத் தோலையும் வீசுபவர்கள் பலர். அந்தக் குளிரில் அவை மக்க வெகுநாள் ஆகும். அதற்குள் அவற்றின் வாசனைக்குக் குரங்கும் பன்றியும் சாலையோரத்துக்கு வரப் பழகும். மாம்பழக்கொட்டையையும் கொய்யா விதையையும் கூட வீட்டுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். கோவை மருதமலை அடிவாரத்தில் குப்பைமேட்டில் மேய்ந்த யானைகளின் சாணத்தில் பால் உறைகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. உப்பும் எண்ணெயும் கலந்த வாசனைக்கு யானை உறையையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

மதுப்புட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாறையில் அடித்து உடைத்த புட்டியின் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால், அந்தக் காயம் சீழ்பிடித்து, அது நடக்க முடியாமல், இரை தேட முடியாமல், மெல்ல மெல்லச் சாகும். இந்தக் கொடுமையைத் தடுக்க உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திரும்பக் கொடுக்கும் முறை தொடங்கியது. பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றதும் புட்டிகள் காட்டிலிருந்து கடைக்குத் திரும்பத் தொடங்கின. ஒரு நல்ல ஏற்பாடு பல நூறு அறிவிப்புப் பலகைகளைவிடப் பயன்படும் என்பதற்கு இதை நான் எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். ஆனாலும் காட்டில் மது அருந்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யானை வரும் நிலத்தில் தெளிந்த அறிவோடு இருப்பது நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

இயற்கை உபாதைக்கு ஒதுங்க நேர்ந்தால், ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது எழுபது தப்படி தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடுங்கள். அதற்கென்று ஒரு சிறு களைக்கொத்து எடுத்துச் செல்லலாம். ஈரத்துடைப்பான்களும் மாதவிடாய்ப் பஞ்சுகளும் புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துவிடும். அவற்றைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சாலையும் ஒரு வாழிடமே

பெரும்பாலோர் காட்டுக்குள் கால் வைப்பதே இல்லை, சாலையோடு சரி. ஆகவே அதிகத் தீங்கும் சாலையிலேயே நேர்கிறது. பந்திப்பூர் வழியாக மைசூரையும் உதகையையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த ஒன்பது மணி நேரம் சாலை மீண்டும் காடாகிறது. இந்த நேரத்தைக் கணக்கிட்டே பயணத்தைத் திட்டமிடுங்கள். சோதனைச்சாவடி மூடுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று 8.45 மணிக்குப் பறப்பவர்கள்தான் மானையும் முள்ளம்பன்றியையும் அடித்துப் போட்டுச் செல்கிறார்கள்.

ஒரு மாலை மசினகுடியிலிருந்து தெப்பக்காட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். சாலையோரப் புதருக்குப் பின்னால் ஓர் யானைக்கூட்டம் நின்றிருந்தது; நடுவில் ஒரு சிறு குட்டி. எதிர்ப்புறம் இருந்த தண்ணீருக்கு அவை போக வேண்டும். முதலில் நின்ற வண்டி எங்களுடையது. எங்களைப் பார்த்து இன்னொன்று நின்றது, பிறகு ஐந்து, பிறகு பத்துக்கும் மேல். கதவுகள் திறந்தன, கைப்பேசிகள் நீண்டன. மூத்த பெண்யானை இரண்டு முறை சாலைவரை வந்து, காதை விரித்து நின்று, திரும்பிப் போனது. அரை மணி நேரம் கழித்துக் கூட்டம் முழுவதும் மேட்டில் ஏறி மறைந்துவிட்டது, தண்ணீர் குடிக்காமலே. யாரும் கல் எறியவில்லை, கத்தவில்லை. ஆசையாகப் பார்த்ததைத் தவிர யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒரு குட்டியின் தாகத்துக்கு நாங்கள் குறுக்கே நின்றோம், அதைத் தொடங்கிவைத்தது நான் ஓட்டிய வண்டி. அன்றிலிருந்து யானையைச் சாலையில் கண்டால் தொலைவிலேயே நின்று, அது கடக்க வழிவிடுகிறேன். கடக்காமல் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தால், நிற்காமல் மெதுவாகப் போய்விடுகிறேன். வண்டியிலிருந்து இறங்குவதில்லை, ஒலிப்பான் அடிப்பதில்லை, முகப்பு விளக்கைச் சிமிட்டுவதில்லை.

எவ்வளவு தூரம் பாதுகாப்பான தூரம் என்று கேட்பவர்களுக்கு மீட்டர் கணக்கைவிட எளிதான அளவுகோல் ஒன்று உண்டு. விலங்கு தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டீர்கள். மேய்ச்சலை நிறுத்திய மான், துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிக்கும் யானை, குட்டியை அணைத்துக்கொண்ட குரங்கு ஆகிய எல்லாம் உங்களைப் பின்வாங்கச் சொல்கின்றன.

குரங்குகளுக்கு உணவு கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதுபவர்கள் நம்மில் ஏராளம். அந்த அன்பு உண்மையானது. அதன் விளைவு கொடியது. வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் மனித உணவுக்குப் பழகி, மரத்திலிருந்து சாலைக்கு இறங்கி, வண்டிகளில் அடிபட்டு இறந்திருக்கின்றன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தக் குரங்குகள் கடந்து செல்ல, அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. கையில் இருக்கும் பொரியும் பிஸ்கட்டும் உங்கள் பசிக்கே இருக்கட்டும்.

நடக்கும்போது

பாதையை விட்டு விலகாதீர்கள். சேறாக இருந்தாலும் சேற்றிலேயே நடந்துவிடுங்கள். ஓரத்துப் புல்லில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதால்தான் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாகிறது. ஓடைகளில் சோப்பும் ஷாம்பும் கூடாது. கொசுவிரட்டிக் களிம்பு பூசிய காலோடு ஓடையில் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் தோலாலும் மூச்சுவிடும் சிறு தவளைகள் அந்த நீரில் வாழ்கின்றன. ஒலிபெருக்கியில் பாட்டு வைக்காதீர்கள். பறவையை அருகே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கம் பறவை ஆர்வலர்களிடையே இருக்கிறது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, கூட்டையும் இரை தேடுவதையும் விட்டுவிட்டு அது பறந்து வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இது மிகவும் தவறு. டிரோன் பறக்கவிடுவதும் அனுமதிக்கப்படாதது.

பூவைப் பறிக்க வேண்டாம் என்று சொன்னால் ஒரு பூவால் என்ன வந்துவிடும் என்று கேட்பார்கள். நீலக்குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செடியே மடிந்துவிடும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். விதையாவதற்கு முன் பறித்த ஒவ்வொரு கொத்தும் அந்தச் செடி தன் வாழ்நாளில் ஒரே முறை உருவாக்கிய விதைகளை அழித்துவிடுகிறது. 2030இல் மலைச்சரிவுகள் நீலமாகும்போது வரப்போகும் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது.

மலையில் வாழ்பவர்களை மறவாதீர்கள்

காட்டை மனிதரில்லாத இடமாகக் கற்பனை செய்வது நகரத்தாரின் பழக்கம். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் நம் ஊர்கள் பலவற்றைவிடப் பழைமையான வாழ்வைக் கொண்டவர்கள். தேனும் விறகும் கிழங்கும் எடுத்ததற்காக அவர்கள் நெடுங்காலம் தடுக்கப்பட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பின்னும் அவர்களுடைய உரிமைகள் பல இடங்களில் ஏட்டளவிலேயே நிற்கின்றன. விறகுக்கட்டோடு வரும் ஒரு மூதாட்டியைத் தடுக்கும் அதே காட்டுக்குள் பணம் கட்டிய நாம் படம் எடுத்துக்கொண்டு நடக்கிறோம். இந்த முரணைத் தனி ஒரு பயணியால் தீர்க்க முடியாது; அதை உணர்ந்து பணிவோடு நடந்துகொள்ள முடியும். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்குள் அழைப்பின்றி நுழையாதீர்கள். அவர்களுடைய கோயிலாகிய பால்மனையை நெருங்காதீர்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழிகாட்டிக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அவர் 'இன்று இந்தப் பக்கம் வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்டு வாதாடாமல் திரும்பிவிடுங்கள். நம் காதில் விழாத கிளை ஒடியும் ஓசை அவர் காதில் விழுந்திருக்கும்.

சாமி மலைகளுக்குப் போகும்போது

வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் போகிறவர்களை யாரும் சுற்றுலாப் பயணிகள் என்று சொல்வதில்லை. அவர்கள் போவதும் அடர்ந்த காட்டுக்குள்தான். சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசையின்போது அங்கே பெருங்கூட்டம் திரண்டு, குடில் அடித்து நாள்கணக்கில் தங்குகிறது. கீழே பாபநாசத்தில், பாவம் போக வேண்டும் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விடும் பழக்கத்தால் ஆற்றுப் படுகையில் துணிகள் வண்டி வண்டியாகச் சேர்கின்றன. தன்னார்வலர்கள் அவற்றை இடுப்பளவு நீரில் நின்று இழுத்து எடுக்கிறார்கள்.

பக்தியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த மலைகளில் ஏறியபோது எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் மலையே சிவம் என்று வணங்குபவர், அந்த மலையின் ஏழாவது முகட்டில் குளிர்பானப் புட்டியை விட்டுவிட்டு வருவது எப்படிப் பொருந்தும்? வீட்டுப் பூசையறையில் நாம் அப்படிச் செய்வதில்லை. கற்பூரத்தையும் விளக்கையும் காய்ந்த புல்லருகே ஏற்றாதீர்கள். துணியை ஆற்றில் விடுவதற்குப் பதில், குளித்து முடித்து அதைத் தேவைப்படுபவருக்குத் தானமாகக் கொடுங்கள். நம் முன்னோர் கோயில்காடுகளில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க அஞ்சினார்கள், அந்த அச்சத்தால்தான் ஊர்ப்புறங்களில் சில பழங்காடுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

படத்தையும் பெயரையும் வெளியிடும்போது

பெயரறியாத ஓர் அருவியின் படத்தை இடக்குறியோடு வெளியிட்டால், அடுத்த மாதமே அங்கே பாதை விழுந்துவிடும். ஆகவே படத்தைப் பகிருங்கள். இடத்தை 'நீலகிரி' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கூடு, குகை, அரிய தாவரம் ஆகியவற்றின் இடத்தை நெருங்கிய நண்பரிடமும் சொல்ல வேண்டாம். விலங்கின் அருகே நின்று எடுத்த செல்ஃபியை, அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், வெளியிடாமல் அழித்துவிடுங்கள். அதைப் பார்க்கும் இன்னொருவர் அதைவிட நெருங்கிப் போக முயல்வார்.

எல்லா இடத்துக்கும் போயே தீர வேண்டும் என்ற எண்ணத்தையும் இங்கே ஒருமுறை பரிசீலிக்கலாம். மக்கள் வந்து பார்த்தால்தான் காட்டின் மீது பற்று வரும் என்பது உண்மைதான், குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லவே வேண்டும். ஆனால் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1970களின் இறுதியில் கேரளத்திலும் வெளியிலும் எழுதியும் பாடியும் போராடியவர்களில் பலர் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டதில்லை. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பார்க்காத காட்டையும் ஒருவரால் அவ்வளவு ஆழமாக நேசிக்க முடியும். வரைபடத்தில் நான் போக விரும்பிய மூன்று சோலைகளைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு இனிப் போவதில்லை என்று முடிவுசெய்து சில ஆண்டுகள் ஆகின்றன.

வீடு திரும்பிய பின்

பையைத் திறந்து, கொண்டுபோன பொருள்கள் அனைத்தும் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். வழியில் சட்டமீறல் எதையாவது கண்டிருந்தால், நாள், நேரம், இடம் குறித்து வனச்சரக அலுவலகத்துக்கு எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் காலணிகளின் அடிப்பகுதியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். உண்ணிச்செடி போன்ற அந்நியக் களைகள் முதுமலையின் பெரும்பரப்பை ஏற்கெனவே மூடிவிட்டன. ஒரு காட்டின் களைவிதையை இன்னொரு காட்டுக்கு நம் காலணிச் சேறு சுமந்து செல்லக்கூடாது. காலுறையிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டியிருக்கும் விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து, தோட்டத்திலோ சாக்கடையிலோ போடாமல், காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.